பச்சை கிளிப் எங்கே போச்சு?

வாலுவுக்குத் தும்மல் வந்தது.

வரக்கூடாத இடம். பெரிய டாக்டர் அறையின் மூலையில், சக்கரம் வைத்த துணித் திரைக்குப் பின்னால், ஒரு குட்டை ஸ்டூலில் அவன் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான். இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. கட்டிவிட்ட நர்ஸ், "அசையாதீங்க, மெஷின் தானா மூணு தடவை பார்க்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். பட்டை மலைப்பாம்பு மாதிரி இறுக்குவதும், போனால் போகிறது என்று விடுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். பிடித்துக்கொண்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

"நாலு மணி கமிட்டில அந்தச் சின்ன டாக்டரம்மாவை வேலையை விட்டு எடுக்கறீங்க. இல்லைன்னா நாளைக்குப் பேப்பர்ல உங்க ஆஸ்பத்திரி பேர் வரும். நல்ல விதமா வராது!"

"கொஞ்சம் பொறுமையா..." இது பெரிய டாக்டரின் குரல்.

"என்ன பொறுமை? எங்க மாமா வயித்துல இருக்கறது கட்டின்னு அவருக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டோம். கல்லுன்னு சொல்லி வெச்சிருந்தோம். இன்னிக்குக் காலையில என்னைப் பார்த்துக் கேக்கறார், 'கட்டியை எடுக்கறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை கல்லுன்னு பேரு?'ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கறார்!"

"அதுக்கு அந்தப் பொண்ணு..."

"கல் ஆபரேஷன்னு சொல்லிக் கையெழுத்து வாங்க மாட்டேன்னு நேத்து அவங்கதான் சண்டை போட்டாங்க. சாயங்காலம் அவர் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து குசுகுசுன்னு பேசினதும் அவங்கதான். வேற யார் சொல்லியிருப்பா? சுவரா?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகத் தும்மிவிடலாம் என்று வாலு போட்ட கணக்கு அரை நொடி பிந்திவிட்டது.

"அச்சூ!"

திரை விலகியது. மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க, பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். "யார் நீங்க?"

"ரத்த அழுத்தம் சார்."

"எவ்வளவு?"

"அவர் கத்தினப்போ ஏறுச்சு. நீங்க பதில் சொல்லாம இருந்தப்போ இன்னும் ஏறுச்சு."

"அவன் என் ஆள் டாக்டர்," என்றபடி உள்ளே வந்தாள் அண்ணி.

துப்பறியும் தொழிலில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் அதிகாரிகள்கூட அப்படித்தான், என்ன, கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. வாலு ஒருவனுக்குத்தான் அவள் நிஜ அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. மூன்று வேலைகளில் வாயால் கெட்டவனை, 'அந்த வாய் எனக்கு உதவும்' என்று கூட வைத்துக்கொண்டவள். அண்ணி முன்னால் போனால் அவன் பின்னால் போவான். வாலு என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான்.

"வேவு பார்க்கவா அனுப்பினீங்க?" பெரிய டாக்டர் முகம் சுளித்தார்.

"ரத்த அழுத்தம் பார்க்கத்தான் அனுப்பினேன். திரைக்குப் பின்னால ஆளை உட்கார வெச்சது உங்க நர்ஸ். ஆள் இருக்கறதை மறந்தது நீங்க. உங்க தொழில்ல எல்லாருக்கும் உள்ள வியாதி இது. துணியை இழுத்து விட்டா சுவர் எழும்பிடுச்சுன்னு நினைச்சுக்கறீங்க." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலையில நீங்கதான் கூப்பிட்டீங்க. நோயாளிகிட்ட உண்மையைப் போட்டு உடைச்சது யாருன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே? முதல் கேள்வி உங்களுக்கே. நீங்க சொன்னீங்களா?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"நானும் என் நோயாளியும் பேசிக்கிட்டதை வெளியில சொல்ற பழக்கம் எனக்கு இல்லை."

"இது ஆமாவா, இல்லையா?"

"இது பதில்."

"இந்த மாதிரி பதிலை நான் எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா முதுகு பழுத்திருக்கும்," என்றான் வாலு, பட்டையைப் பிய்த்துக்கொண்டே. கையில் வளையம் வளையமாகச் சிவப்புத் தடம்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு நல்ல டாக்டர். நாலு மணிக்கு அவளை நீக்கற உத்தரவுல நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது. அதுக்கு முன்னால கண்டுபிடிங்க. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்."

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள், "'எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்'னு சொன்னாரா, 'சொல்லக்கூடியது இவ்வளவுதான்'னு சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி?"

"அதனாலதான் உன்னை மூணு இடத்துல வேலையை விட்டுத் துரத்தினாங்க."

* * *

ஆபரேஷனைச் செய்யப்போகிற டாக்டரை ஆஸ்பத்திரியே கத்தி டாக்டர் என்றுதான் சொல்லும். நீளமான தொட்டியின் முன்னால் நின்று முழங்கை வரை சோப்பு நுரையோடு இருந்தார். கையைக் குலுக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"நான் சொல்லலை. எந்த நோயாளிகிட்டயும் நான் நிறைய பேசறதே இல்லை. பாதிப் பேர் நான் பார்க்கறப்போ மயக்கத்துல இருப்பாங்க."

"உண்மையைச் சொல்லணும்னு தோணாதா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"யாருக்கு நல்லதுன்னு? அந்த நோயாளி டிரைவிங் மாஸ்டர், எனக்கே கார் ஓட்டக் கத்துக்கொடுத்தவர். முப்பது வருஷமா கத்துக்குட்டிங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்த மனுஷன். எதிர்ல லாரி வந்தா கொட்டாவி விடுவார். ஊசியைப் பார்த்தா கண்ணு மேல சொருகிக்கும். அவர்கிட்ட போய் கட்டின்னு சொல்லச் சொல்றீங்களா? கல்லுன்னு சொன்னா ராத்திரி தூங்குவார். தூங்கினா உடம்பு தாங்கும். உடம்பு தாங்கினா நான் பிழைக்க வைப்பேன். பொய்யோ மெய்யோ, ஆளு எழுந்து வீட்டுக்கு நடந்து போகணும். அதான் என் தர்மம்."

"கையெழுத்து? கல்லுன்னு நம்பிப் போட்டா அது அவர் சம்மதம் ஆகுமா?"

நுரை சொட்டிய கை ஒரு கணம் நின்றது. "அதைத்தான் அந்தப் பொண்ணும் கேட்டுது," என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "தலைவலி பிடிச்ச கேள்வி."

"வீட்டுக்காரங்களுக்குக் கட்டின்னு சொன்னது நீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? மாஸ்டர் சம்சாரம் என்கிட்ட வந்தப்பவே எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. மாப்பிள்ளையும் கூட இருந்தார். 'அவருக்குத் தெரியக் கூடாது'ன்னு ஒரே வார்த்தை. பெரிய டாக்டர் சொல்லியிருப்பார்."

குழாயை முழங்கையால் மூடிவிட்டு அவர் நடந்தார். வாலு பின்னாலிருந்து கூவினான், "டாக்டர், கார் ஓட்ட நல்லா கத்துக்கிட்டீங்களா?"

"ரெண்டு தடவை ஃபெயில்!"

"அந்தக் கையிலயா அண்ணி கத்தியைக் கொடுத்திருக்காங்க?"

* * *

வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை தொங்கியது. சில அட்டைகளின் தலையில் கலர் கிளிப். தலைமை நர்ஸ் அதைத் தன் கண்டுபிடிப்பு மாதிரி பெருமையாக விளக்கினார்.

"நீல கிளிப் இருந்தா, நோயாளிக்குத் தெரியாது, கட்டில் பக்கத்துல வாயைத் திறக்காதேன்னு அர்த்தம். பச்சை இருந்தா, வீட்டுக்காரங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நோயாளியே கேட்டுக்கிட்டார்னு அர்த்தம். வெளி ஆளுங்களுக்குப் புரியாது. எங்களுக்குப் பார்த்த உடனே புரிஞ்சிடும்."

"ரெண்டும் ஒரே அட்டையில இருந்தா?" என்று கேட்டாள் அண்ணி.

"இருக்காதும்மா. இருந்தா யாரும் யார்கிட்டயும் பேச முடியாதே!"

"எங்க வீடு மாதிரி," என்றான் வாலு.

டிரைவிங் மாஸ்டர் தனி அறையில் இருந்தார். அவருடைய அட்டையை மட்டும் நர்ஸ் வெளியே எடுத்துவந்தார். மேலே நீல கிளிப். அண்ணி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நீல கிளிப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, அட்டையில் இரண்டு பல் அழுந்திய பள்ளம். அங்கேயும் ஒரு கிளிப் கடித்திருந்திருக்கிறது.

"இது?"

"பழைய நோயாளியோடதா இருக்கும்."

"அட்டை புதுசா பளபளன்னு இருக்கே. ஆளுக்கு ஆள் மாத்துவீங்கதானே?"

தலைமை நர்சுக்குத் திடீரென்று நாலு பேருக்கு ஊசி போடவேண்டிய ஞாபகம் வந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

"இந்த ஆஸ்பத்திரில வாயைத் திறக்கச் சொன்னா பல் டாக்டர்கூட மூடிக்குவார் போல," என்றான் வாலு. "ஆமா அண்ணி, இங்க நீலம் இருக்கு. பக்கத்துல கடிச்சுட்டுப் போனது எது?"

"இந்த வார்டுல ரெண்டு கலர்தான் உண்டு. அதனால கேள்வி அது இல்லைடா. அந்தப் பச்சை கிளிப் எங்கே போச்சு?"

* * *

சின்ன டாக்டர் பணியறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டிக்குள் தடித்தடிப் புத்தகங்கள், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கைப்பிடி உடைந்த டீக் கோப்பை. வயது முப்பதுக்குள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். பின்கழுத்தில் சுருட்டிய முடியை ஒரு முரட்டுக் கிளிப் கவ்விக்கொண்டிருந்தது.

"நான் அவர்கிட்ட சொல்லலை," என்றாள், கேட்பதற்கு முன்பே. "கையெழுத்து வாங்க மாட்டேன்னு சொன்னது நிஜம். அவர் பக்கத்துல உட்கார்ந்து பேசினதும் நிஜம். என்ன பேசினோம்னு சொல்ல மாட்டேன்."

"சொன்னா வேலை தங்குமே," என்றான் வாலு.

"தங்கும். பொய்க் கையெழுத்து வாங்கியிருந்தாலும் தங்கியிருக்கும். அவர் சொன்னதை வெளியில வித்தாலும் தங்கும். ரெண்டும் முடியலை. அதான் பெட்டி கட்டறேன்."

வாலுவுக்கு மனசு என்னவோ செய்தது. அப்படிச் செய்தால் அவனுக்கு உளறல்தான் வரும். "தலைக்கு மாட்ட ஒரு நல்ல கிளிப் வாங்கக்கூட நேரமில்லை போல உங்களுக்கு. இது துணி காயப்போடற கிளிப் மாதிரி..."

பாதியில் நிறுத்தினான். கிளிப் பச்சை.

அண்ணி அவனைப் பெருமையாகப் பார்த்தாள். "அந்த வாய் உதவும்னு சொன்னேன்ல?" பிறகு சின்ன டாக்டரிடம் திரும்பினாள். "அழகா இருக்கும்மா. எந்தக் கட்டிலோடது?"

கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசறேன். தப்பா இருந்தா கிளிப்பைக் கழட்டி மேஜை மேல வைங்க. சரியா?" அண்ணி கதவைச் சாத்தினாள். "மாஸ்டருக்குத் தன் வியாதி ரொம்ப நாளாவே தெரியும். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு அவரே கேட்டுக்கிட்டார். அதனால முதல்ல பச்சை மாட்டினாங்க. அப்புறம் வீட்டுக்காரங்க வந்து அவருக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. நீலமும் ஏறிடுச்சு. மாப்பிள்ளை அட்டையைப் பார்த்துட்டு, 'இந்தப் பச்சை எதுக்கு?'ன்னு கேட்டிருப்பார். நீங்க 'ஐயோ, இது என்னோடது'ன்னு சொல்லித் தலையில மாட்டிக்கிட்டீங்க."

சின்ன டாக்டர் உதட்டைக் கடித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. கை கிளிப்பை விட்டு இறங்கியது. கிளிப் இருந்த இடத்திலேயே இருந்தது.

"மாஸ்டர் கேட்டார்னு அவருக்கு உண்மையைச் சொன்னதும், பச்சை கிளிப்பை மாட்டினதும் ஒரே ஆள். பெரிய டாக்டர்."

கிளிப் அசையவில்லை.

* * *

"அடப்பாவி!" வராந்தாவில் வாலு குதித்தான். "நாம தேடற ஆளே நம்மளைக் கூலிக்கு வெச்சிருக்கார்! திருடனே போலீசுக்கு வண்டி அனுப்பின கதையா இருக்கே! 'நான்தான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொன்னா எப்பன்னு கேப்பாங்க. எப்பன்னு சொன்னா, அப்ப இத்தனை நாளா மாஸ்டர் ஏன் எங்ககிட்ட நடிச்சார்னு கேப்பாங்க. நோயாளி நம்பிச் சொன்னது நடுத்தெருவுக்கு வந்துடும். வாயைத் திறந்தா அவருக்குத் துரோகம், மூடினா இந்தப் பொண்ணுக்குத் துரோகம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டின மனுஷன் நம்மளைக் கூப்பிட்டிருக்கார்."

"சரி, இப்ப நமக்குத் தெரிஞ்சுபோச்சு. நாம டாக்டர் இல்லை. ஓடிப்போய் மாப்பிள்ளை காதுல ஊதிடலாம்."

"அந்தப் பொண்ணு வேலை போனாலும் பரவாயில்லைன்னு காப்பாத்தினதை நீ காதுல ஊதப்போறியா?"

வாலு வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"பூட்டு டாக்டருங்க வாயில. சாவி நோயாளி கையில," என்றாள் அண்ணி. "காலையிலேர்ந்து இந்த ஆஸ்பத்திரியே அவரைப் பத்தித்தான் பேசுது. அவர்கிட்ட யாராவது பேசினாங்களா?"

கடிகாரத்தில் நாலுக்குக் கொஞ்சமே பாக்கி இருந்தது.

* * *

டிரைவிங் மாஸ்டர் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட் பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். ஓரமாக அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்கிட்ட ஒரு நிமிஷம் தனியா பேசணும்மா."

"பேசுங்க, பேசுங்க. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கறேன்," என்று அந்தம்மாள் எழுந்து, கட்டிலைச் சுற்றியிருந்த திரையைத் தானே இழுத்துவிட்டுப் போனார். வாலுவுக்கு ஏனோ இடது கை அரித்தது.

அண்ணி குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது.

"அந்தப் பொண்ணுக்கா வேலை போகுது? என்னாலயா?" அவரும் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பயம் ஜாஸ்திதான். ஒத்துக்கறேன். ஆனா என் பொண்ணுக்கு இந்த மாசம் முதல் பிரசவம். பேரக்குழந்தை முகத்தைப் பார்த்துட்டு வெட்டிக்கறேன்னு பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன். மூணு வாரம் தள்ளலாம், தாங்கும்னார். அதுக்குள்ள எங்க மாப்பிள்ளை கத்தி டாக்டரைப் பிடிச்சு நாளைக்கேன்னு நாள் குறிச்சுட்டார். பொறுக்க முடியாம காலையில மாப்பிள்ளைகிட்ட உளறிட்டேன்."

"வீட்ல சொல்லியிருக்கலாமே?"

"என் பொண்டாட்டிகிட்டயா? கரப்பான்பூச்சி செத்தாலே கண்ணீர் விடுவா. பக்கத்து சீட்ல இருக்கறவன் காலு பிரேக் மேலதான் இருக்குன்னு ஓட்டறவங்களுக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா ஸ்டீயரிங் நடுங்கும்." வலது காலை இன்னும் அழுத்தினார். "ஆனா ஒண்ணு. நாம தப்பாத் திருப்பினா அடிபடறது ரோட்டுல நடந்து போறவங்கதான். தினம் அதைச் சொல்லித்தான் சம்பாதிச்சேன். கூப்பிடுங்க எல்லாரையும்."

கூட்டம் சேர்ந்தது. பெரிய டாக்டர், கத்தி டாக்டர், சின்ன டாக்டர், மூச்சிரைக்க மாப்பிள்ளை. திரை விலகியது. அந்தம்மாள் ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணை விடுங்க," என்றார் மாஸ்டர். "எனக்கு என்னன்னு பெரிய டாக்டர்கிட்ட நானே கேட்டேன். அவர் சொன்னார். போன மாசமே. வீட்டுக்குச் சொல்லாதீங்கன்னு கெஞ்சினதும் நான்தான். அவங்க எல்லாரும் எனக்காகத்தான் வாயைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க."

மாப்பிள்ளை பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்களா? அப்ப துப்பறியறவங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பெரிய டாக்டர் அன்று முதல் தடவையாக முழு மூச்சு விட்டார். "கட்டுப்பாடு என் வாய்க்குத்தான். இவங்க மூளைக்கு இல்லையே."

மாப்பிள்ளை சின்ன டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், காலரைச் சரிசெய்தார். "மன்னிச்சுடுங்க டாக்டர்" என்பது தொண்டைக்குழியிலிருந்து தவணை முறையில் வந்தது. சின்ன டாக்டர் தலையிலிருந்து பச்சை கிளிப்பைக் கழற்றினாள். கத்தி டாக்டர் அட்டையிலிருந்து நீலத்தைப் பிடுங்கினார். "கட்டின்னே போட்டுக் கையெழுத்து வாங்கும்மா," என்று முனகினார். "தேதி அவர் சொல்றப்போ."

வாலு கைகளைத் தட்டினான். "முடிஞ்சுது! வாங்க அண்ணி, போகலாம்."

அண்ணி நகரவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கிடா. மாப்பிள்ளை, கட்டின்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அத்தைதான். டாக்டர் சொன்னார்னு சொன்னாங்க."

"எந்த டாக்டர்?"

"நான் இல்லை," என்றார் பெரிய டாக்டர். "நானும் இல்லை," என்றார் கத்தி டாக்டர். சின்ன டாக்டரும் இல்லை என்று தலையை ஆட்டினாள். எல்லாத் தலையும் ஆரஞ்சுத் தட்டின் பக்கம் திரும்பியது.

"டாக்டர் சொன்னதுதான்," என்றார் அந்தம்மாள் நிதானமாக. "எனக்குச் சொல்லலை. இவருக்குச் சொன்னார். நான் கேட்டுக்கிட்டேன்."

"எங்கேர்ந்து?" மாஸ்டர் திகைத்தார். "நீ அன்னிக்கு மருந்து வாங்கத்தானே போயிருந்தே?"

அந்தம்மாள் வாலுவின் இடது கையைப் பார்த்தார். "அந்தத் தடத்துல கொஞ்சம் எண்ணெய் தடவுங்க தம்பி. எனக்கு மறைய ரெண்டு நாள் ஆச்சு."

தன் அறை மூலையின் துணித் திரை ஞாபகம் வந்து, பெரிய டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ அவருக்குத் தெரியும்னு தெரிஞ்சும் எதுக்கும்மா நீல கிளிப் போடச் சொன்னீங்க?" என்றாள் அண்ணி. அவளுக்கே குரலில் மரியாதை ஏறியிருந்தது.

"ஒரு தடவை கேட்டதுக்கே அன்னிக்கு நாற்காலியோட சரிஞ்சார். தினம் ஒரு டாக்டர் வந்து விளக்கினா தாங்குவாரா? கல்லுன்னே நடிச்சுக்கிட்டு இருக்கட்டும், அதுல அவருக்கு ஒரு தைரியம். நாளைக்கேன்னு நாள் குறிச்சது மட்டும் மாப்பிள்ளையோட அவசரம்."

தரையை அழுத்திக்கொண்டிருந்த மாஸ்டரின் வலது கால் மெல்ல மேலே எழும்பியது. "அன்னிக்கே தெரியுமா உனக்கு? ஒரு மாசமா... ஏன் என்கிட்ட சொல்லலை?"

அந்தம்மாள் ஒரு சுளையை எடுத்து, விதையை நீக்கி, திறந்திருந்த அவர் வாயில் வைத்தார்.

"என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதீங்களே. சரி, ஆசைப்படறார், தெரியாமலே இருந்துட்டுப் போவோம்னு விட்டுட்டேன்."